கோட்டில் ஒரு மேடு

சனிக்கிழமை காலை கணினித் திரையில் மறுபடியும் அந்த மேடு எழும்பியது. ஷோபனா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

திரையில் ஓடும் கோடு, அவள் செய்த அணுக் கடிகாரத்துக்கும் செயற்கைக்கோள்கள் சொல்லும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். கடிகாரம் ஒழுங்காக ஓடினால் கோடு நேராகப் போகும். ராத்திரியெல்லாம் அப்படித்தான் போகிறது. காலையில் மட்டும் ஏதோ ஒரு வேளையில் கரையான் புற்று மாதிரி கிளம்பி, அரைமணியில் அடங்கிவிடுகிறது. ஒரு நொடியைக் கோடித் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு அளவுக்குத்தான் பிசகு. ஆனாலும் காரணம் தெரியாமல் தடுமாறும் கடிகாரத்தை யார் வாங்குவார்கள்?

திங்கட்கிழமை ஜெயஸ்ரீ மேடம் வருகிறார். சுரங்கங்களுக்குள் பாறை அதிர்வதை அளக்கும் ஆய்வுக்கூடம் அவருடையது. பூமிக்கடியில் செயற்கைக்கோள் சிக்னல் எட்டாது; அங்கே தானாகவே சரியாக ஓடும் மலிவான கடிகாரங்கள் அவருக்கு வேண்டும். மேடு இல்லாத கோட்டைக் காட்டினால் ஆர்டர். இல்லையென்றால் ஷோபனா சென்னையில் விட்டுவந்த வேலைக்கே திரும்ப வேண்டும். அந்தக் கம்பெனிக்காரர்களும் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். கணவன் ஆனந்தராஜின் கிரில் கேட் பட்டறை இங்கே செஞ்சியில், வீட்டின் கீழ்த்தளத்திலேயே. அவன் வர முடியாது.

புதிய அணுக் கடிகாரம் வாங்குகிற காசில் ஒரு வீடு கட்டலாம். ஷோபனா, கழற்றிப் போட்ட பழைய செல்போன் டவர்களிலிருந்து அதன் இதயத்தை மட்டும் காயலாங்கடையில் பொறுக்கி வாங்கினாள். அது ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். உள்ளே ருபீடியம் ஆவி. கடிகாரத்தை ஓட்டுவது குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பு. படிகம் சூட்டுக்கு ஒரு வேகம், குளிருக்கு ஒரு வேகம் என்று மாறும். ருபீடியம் அணுவோ ஒரே ஒரு துடிப்புக்குத்தான் அசைந்து கொடுக்கும். படிகம் கொஞ்சம் விலகினாலும் அணுவின் அசைவு குறையும். உடனே சர்க்யூட் படிகத்தைப் பழைய வேகத்துக்கு இழுத்துவிடும்.

மற்றதெல்லாம் அவள் கைவேலை. அதனால் எதைப் பார்த்தாலும் சந்தேகம். கரண்ட் ஏறி இறங்குகிறதா? கார் பேட்டரியில் ஓட்டினாள். மேடு வந்தது. வெயில் சுவரில் ஏறுவதாலா? தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தாள். அப்போதும் வந்தது. மிச்சமிருந்தது கீழ்த்தளத்துப் பட்டறை.

மாடிப்படியில் நின்று கத்தினாள். "ஏங்க! வெல்டிங்க நிறுத்துங்க, மறுபடியும் வந்துட்டுது!"

"நான் எங்கம்மா வெல்டிங் பண்றேன்? கையில டீ கிளாஸ்தான் இருக்குது."

"அப்ப கிரைண்டிங்?"

"டீய எப்டி கிரைண்ட் பண்றது?" ஆனந்தராஜ் படிக்குக் கீழே வந்து நின்றான். "போன வாரம் பத்தரைக்கு நிறுத்துன்ன. அப்பறம் பத்தேகாலுன்ன. இப்ப பத்துக்கே டீக்கடைக்கு தொரத்துற. இப்டியே போனா வெடிகாலைல கோழி கூவறதுக்குள்ள குடிக்கணும் போலருக்குது. இன்னா கணக்கு இது?"

ஷோபனா உள்ளே ஓடி, ஒவ்வொரு நாளின் கோட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். மேடு நாளுக்கு நாலு நிமிடம் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. காலை என்று மட்டுமே பார்த்தவளுக்கு இது உறைக்கவில்லை.

கரண்ட் கட், ஸ்கூல் பஸ், வெல்டிங் எல்லாம் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து நடப்பவை. நாளுக்கு நாலு நிமிடம் முந்துவது எது? நட்சத்திரம். நேற்று பார்த்த இடத்துக்கு நட்சத்திரம் இன்று நாலு நிமிடம் முன்பே வந்துவிடும். நேரம் சொல்லும் செயற்கைக்கோள்களும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் ஒரே இடத்துக்குத் திரும்புகின்றன.

மொட்டை மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரில் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ஆன்டெனா. ஒரு பக்கம் ராஜகிரி மலை, இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரிக் குன்று. அப்படியென்றால், ஏதோ ஒரு செயற்கைக்கோள் ராஜகிரிக்குப் பின்னால் இறங்குகிறது. அதன் சிக்னல் நேராக வர வழியில்லாமல் கிருஷ்ணகிரிப் பாறையில் மோதித் திரும்பி வருகிறது. சுற்றிவந்த தூரத்துக்குத் தாமதம். எதிரொலியை அசல் குரல் என்று ரிசீவர் நம்பிவிடுகிறது. கடிகாரம் தடுமாறவில்லை, அதைச் சோதித்ததுதான் தடுமாறியது.

இருக்குமா? அவளுக்கே நிச்சயமில்லை. கடிகாரத்தைத் தொடாமல், ரிசீவரில் மட்டும் ஒரு எண்ணை மாற்றினாள்: வானத்தில் தாழ்வாக, மலை உயரத்துக்குள் இருக்கும் செயற்கைக்கோள்களைக் கணக்கில் சேர்க்காதே.

ஞாயிறு காலை மேடு வரவில்லை. மத்தியானம்வரை காத்திருந்தாள். கோடு நேராகவே போனது.

திங்களன்று ஜெயஸ்ரீ மேடம் மேடு உள்ள பழைய கோட்டையும் நேரான புதிய கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பேட்டரி, தெர்மாகோல் எல்லாம் தேவையா?"

"தெரியல மேடம். நல்லா இருந்த கடிகாரத்தத்தான் இவ்ளோ நாளா ரிப்பேர் பண்ணிருக்கேன். எது வேலை செய்யுது, எது சும்மா இருக்குதுன்னு இனிமேதான் ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கணும்."

"எடுத்துப் பாருங்க. தேவையில்லாதத கழிச்சிட்டு ஆறு செஞ்சு குடுங்க."

அவர் போனதும் சென்னைக்குப் போன் செய்தாள். என்ன முடிவு என்று கேட்டார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, எதிரொலி என்று ஆரம்பித்து நட்சத்திரம்வரை பொறுமையாகச் சொன்னாள்.

எதிர்முனையில் இருந்தவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"சரி மேடம்... அப்ப ஜாயின் பண்றீங்களா, இல்லையா?"

"இல்லைங்க" என்றாள் ஷோபனா.