தமிழர் இல்லாத குசினி

ஒஸ்லோவில் தமிழர் வேலை செய்யாத சாப்பாட்டுக் கடை ஒன்றைத் தேடி ஜெயரத்தினம் மூன்று கிழமை அலைந்தார். மகள் கம்சிகாவை மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. வீட்டில் வைத்தால் ரொம்சோஸ் குடியிருப்பு முழுவதும் ஜன்னலால் எட்டிப் பார்க்கும். கோயிலில் வைத்தால் பூசை முடிய முன்னமே முடிவு ஊருக்குத் தெரிந்துவிடும். இத்தாலியன் கடைக்குப் போனார். அங்கே பீட்சா போட்டுக்கொண்டிருந்தவர் குகநேசன். சீனக் கடையில் சூசைரட்ணம் ஈரக்கையோடு ஓடிவந்து, "அண்ணை, என்ன விசேசம்?" என்றார். நோர்வேக்காரரின் நூறு வருசப் பழைய கடையில், அவர்களுடைய பரம்பரை மீன் சூப்பைக் கிண்டிக்கொண்டு நின்றவர் அருட்செல்வம்.

கடைசியில், தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக்காரரின் கடை ஒன்று அகப்பட்டது. எட்டே மேசை. குசினியில் தாய் சமையல், மகன் பரிமாறல், மகள் கோப்பை கழுவல்.

"பெரு நாட்டிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை," என்றார் ஜெயரத்தினம், ஏதோ அந்த நாட்டை நேரில் போய்ச் சோதித்தவர்போல.

வீட்டில் நோர்வேஜிய மொழி திருத்தமாகப் பேசுகிறவள் கம்சிகா. ஆகவே தன்னைப் பெண் பார்க்கும் மேசையை அவளே தொலைபேசியில் பதிந்தாள். வெள்ளிக்கிழமை, ஐந்து பேர், மீன் இறைச்சி வேண்டாம். இவ்வளவையும் சொல்லி முடிக்க மூன்று தரம் எச்சில் விழுங்கினாள்.

அவளுக்கு வடக்கே துரொம்சோப் பல்கலைக்கழகத்தில் மீன்வளம் படிக்க இடம் கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் பதில் போடாவிட்டால் இடம் போய்விடும். கடிதத்தைக் கண்ட அன்று தாய் புஷ்பமலர், "மீன் படிக்கப் போறாளெண்டு வெளியிலை மூச்சு விடாதை. ஆக்கள் எங்களை ஆரெண்டு நினைப்பினம்?" என்றார். கம்சிகா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது சம்மதம் என்பது அந்த வீட்டு வழக்கம். இந்தச் சம்பந்தத்துக்கும் அவள் அப்படித்தான் சம்மதித்திருந்தாள்.

மாப்பிள்ளை கிருஷிகன் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி எஞ்சினியர். அவனுடைய தாய் ராசமலர் கடைக்குள் வந்ததும் முதல் வேலையாகக் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தார். குசினி ஜன்னல் புஷ்பமலரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கடைக்காரியின் மகன் ரெனாத்தோ சிரித்துக்கொண்டு வந்தான். "கம்சிகாதானே? தொலைபேசியில் கதைத்தோமே!" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டான். ராசமலருக்கு அதில் விளங்கியது 'கம்சிகா' மட்டும்தான். அவருடைய ஒரு புருவம் உயர்ந்தது.

சாப்பாடு வந்தது. அவித்த உருளைக்கிழங்கின்மேல் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஊற்றியிருந்தார்கள்.

"இது எங்கடை கிழங்குப் பால்கறியெல்லோ," என்றார் ராசமலர். "ஆறவிட்டுக் கொண்டந்திருக்கினம்."

ரெனாத்தோ மேசையடியில் நின்றபடி, புஷ்பமலரின் தலைக்கு மேலால் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டான்: "மாமி!"

"ஓம் தம்பி," என்றார் புஷ்பமலர். மருமக்கள் பதினொரு பேர் உள்ளவர், பழக்கத்தில் வந்துவிட்டது.

ராசமலர் முள்ளுக்கரண்டியை வைத்தார். "இந்தப் பெடியன் உங்களை எந்த முறையிலை மாமியெண்டு கூப்பிடுறான்?"

"சத்தியமாய் எங்களுக்குப் பெரு நாட்டிலை சொந்தக்காரர் இல்லை!" என்றார் ஜெயரத்தினம்.

"மாமி!" என்றான் ரெனாத்தோ மறுபடியும், இன்னும் அன்பாக.

ராசமலர் கம்சிகா பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர் சொல்லும். உமக்கு இவரைத் தெரியுமோ?"

கம்சிகா பள்ளிக்கூடத்தில் இரண்டு வருசம் ஸ்பானிய மொழி படித்தவள். அவர்களுக்கு மாமி என்றால் அம்மா. 'அவர் தன்ரை தாயைக் கூப்பிடுறார்' என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அது நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அப்போது செவ்வாய்க்கிழமை நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டு தலை குனிந்தாள்.

ராசமலருக்கு அதுவே போதுமாயிருந்தது. "எழும்பு தம்பி," என்றார். தாயின் பின்னால் போன கிருஷிகன் கம்சிகாவின் கதிரையடியில் ஒரு கணம் நின்று, "தூசன் தக்," என்று முணுமுணுத்தான். நோர்வேஜிய மொழியில் ஆயிரம் நன்றி. அவனையும் சம்மதமா என்று யாரும் கேட்டதில்லை போலும்.

கதவு சாத்திய பிறகுதான் குசினி ஜன்னலால் ஒரு பருத்த அம்மாள் தலையை நீட்டினாள். ரெனாத்தோவின் அதே மூக்கு. "மாமி," என்று சொல்லி அவன் வெறுங்கோப்பைகளை நீட்டினான்.

"ஐயோ, அது அவன்ரை தாய்!" ஜெயரத்தினம் மனைவியிடம் பாய்ந்தார். "நீ ஏன் ஓமெண்டனீ?"

"கூப்பிட்டால் ஓமெண்டாமல் பின்னை என்னெண்டிறது?"

"பிள்ளை, உனக்குத் தெரியுமெல்லே? ஏன் வாயைத் திறக்கேல்லை?"

கம்சிகா தலையை நிமிர்த்தினாள். "தெரியும் அப்பா. நான் துரொம்சோவுக்கு வாறனெண்டு எழுதப்போறன். மீன்தான் படிக்கப்போறன்."

அவள் வாயிலிருந்து ஒரே நேரத்தில் இத்தனை சொற்கள் வந்து அவர்கள் கேட்டதில்லை. ஜெயரத்தினம் புஷ்பமலரைப் பார்த்தார். புஷ்பமலர் கிழங்கைப் பார்த்தார்.

கம்சிகா காத்திருந்தாள். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வழக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கிருஷிகன் தொடாமல் விட்டுப்போன கிழங்குக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, சாப்பிடத் தொடங்கினாள்.