பெயர் எழுதாத தாள்

"பேரு, நம்பரு எதுவும் எழுத வேணாங்க. நான் மட்டுந்தான் படிப்பேன்" என்று ஆராய்ச்சிக்கு வந்திருந்த பெண் சொன்னதை மேரிசெல்வி நம்பினாள். கல்லூரி மாணவர்களின் பாலுறவுப் பழக்கங்கள், எண்ணங்கள் பற்றி நாற்பது கேள்விகள். பி.காம் கடைசி வருஷத்துப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். பத்தொன்பதாவது, உறவு கொண்டதுண்டா என்றது. இருபதாவது, உங்கள் சம்மதத்துடனா. பதினான்கு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவள் இரண்டே டிக்கில் சொல்லிவிட்டாள். முதலில் ஆம், அடுத்தது இல்லை. பேனாவை மூடியபோது நன்றாக மூச்சு விட முடிந்தது.

அப்போதுதான் துறைத் தலைவர் உள்ளே வந்தார். "நம்பர் வரிசையா குடுங்க, ஒண்ணு கொறையக் கூடாது."

"சார், பெட்டியில போடட்டுங்க சார்" என்றாள் ஆராய்ச்சிப் பெண்.

"நான் வாங்கித் தர்றேம்மா."

மேரிசெல்வி தாளை மடித்துப் பிடித்துக்கொண்டாள். "நான் குடுக்கல சார்."

"எழுதியாச்சுல்ல?" தாளை உருவி, அங்கேயே பிரித்துப் பார்த்தார்.

மறுநாள் காலை அறைக்குக் கூப்பிட்டார். யார், எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மத்தியானத்துக்குள்ள அம்மாவ கூட்டிட்டு வா. இல்லன்னா நானே போன் போட்டுச் சொல்லிடுவேன். காலேஜ் பேரு என்னாவறது?"

அவர் போன் போடப்போகும் எண் அம்மாவுடையது அல்ல. கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டில் போன் கிடையாது. அப்பாவும் இறந்துவிட்டிருந்தார். அம்மா வேலை செய்யும் உப்பளத்து மேஸ்திரி பலராமனின் எண்ணைத்தான் விண்ணப்பத்தில் எழுதினாள். அந்தத் தாளில் இல்லை என்று டிக் அடிக்க வைத்தவனே அவன்தான்.

மரக்காணம் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆற அமர நின்று போனது. இறங்கியவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினாள். உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. கொட்டகை நிழலில் பலராமன் உட்கார்ந்திருந்தான். அம்மா முழங்கால் வரை சேலையைச் செருகி, நீண்ட கழி கோத்த பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, காலேஜ் இல்லியா?"

"மா, ஒண்ணு சொல்லணும். கத்தாத." "போன வருசம், மாதா கோயில் தேர் அன்னிக்கு நீ என்னத் தேடுனல்ல. நான் தோழி வீட்டுக்குப் போகல."

அம்மா பலகையை நிறுத்தினாள். அன்றிரவு மகள் வந்து நின்ற கோலம் இப்போது புரிந்தது. கேட்பதற்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"யாரு?"

கொட்டகையில் போன் அடித்தது. பலராமன் எடுத்துக் காதில் வைத்தான். "ஆமாங்க சார், தெரிஞ்ச பொண்ணுதான், சொல்லுங்க" என்றவனின் குரல் பாதியில் தேய்ந்தது. மெல்ல எழுந்து இந்தப் பக்கம் திரும்பினான்.

மேரிசெல்வி கையை நீட்டிக் காட்டவில்லை. கண்கள் மட்டும் அங்கே போய் நின்றுவிட்டன. அந்தப் பார்வை போன வழியே அம்மாவும் பார்த்தாள்.

பிறகு பாத்தியை விட்டு வரப்பில் ஏறினாள். பலகையைக் கீழே வைக்கவில்லை. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் காய்ந்த மண்ணில் கறுப்புப் புள்ளிகளாக விழுந்து, கொட்டகைப் பக்கமாக நீண்டுகொண்டே போனது.