இரட்டை முடிச்சு

ஷூவின் கயிறு அவிழவே இல்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மகள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள், குனிந்து பல்லால் இழுத்தும் பார்த்தாள். இரட்டை முடிச்சு இறுகிக் கிடந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று காலையில் வந்த டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஷூவோடு ஏன் தூங்கினார் என்று அவர் கேட்கவில்லை.

சித்தி கத்திரிக்கோலை நீட்டினாள். ஆட்கள் வரும் நேரமாகிவிட்டது, வெட்டி எறி என்றாள். மகள் தலையாட்டினாளே தவிர வாங்கிக்கொள்ளவில்லை.

குதிகால் வலி என்றுதான் அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். வீட்டுக்குள்ளும் துணி ஷூ. எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுப்பவள் என்பதால், படுக்கையிலும் அது காலில்தான் இருக்கிறது என்பது பெற்ற மகளுக்கே தெரியாது. காலில் சக்கரம் கட்டியவள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் கதவோரத்து நாற்காலியைப் பிடிப்பாள், அதிலும் பாதிதான் உட்காருவாள். மாடி வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். அதையெல்லாம் சுறுசுறுப்பு, பிடிவாதம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்துச் சிரித்தார்கள். மகளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்தது. மூவரும் பிழைத்தார்கள். ஆனால் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பக்கத்து வீட்டில் தீக்குச்சி உரசினாலும் இருந்த இடத்திலேயே கல்லாய்ச் சமைந்துவிடுவார். மனுஷன் பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று குடும்பமே அவரைத் தாங்கியது. டாக்டர், மாத்திரை, மறுபடி டாக்டர். ஒவ்வொரு முறையும் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் அம்மா. அவளைக் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள்தான் ஓடிக்கொண்டிருந்தாளே.

மகளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வீட்டில் அவளுக்கு எலி டாக்டர் என்று பெயர். ஒரு ஒலி எழுப்பி, கூடவே எலியின் காலடியில் லேசாக ஷாக் கொடுப்பார்கள். மறுநாள் ஒலி மட்டும். அதைக் கேட்டு அசையாமல் உறைந்து நின்றால் எலிக்குப் பயம் பதிந்திருக்கிறது என்று பொருள். பல காலமாக ஆண் எலிகளை வைத்தே பார்த்துப் பழகிய அளவுகோல் அது. பெண் எலிகளைக் கூண்டில் விட்டபோது, உறையாமல் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்து ஓடியவற்றை அவள் பயமில்லாதவை என்று குறித்துத் தள்ளினாள். ஒரு விடுமுறையில் இதை அம்மாவிடம் கதையாகச் சொன்னாள். அம்மா நின்றுகொண்டே கேட்டாள்.

"அப்போ ஓடற எலிக்கு என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம்மா. அதுக்குத்தான் பயமே இல்லையே."

அம்மா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சரி என்று சொல்லிவிட்டுக் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

சென்ற மாதம் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி அந்தச் சோதனைகளின் பழைய வீடியோக்களை மெதுவாக ஓட்டிக் காட்டினார். ஒலி எழும் அந்தக் கணத்தில்தான் அந்த எலிகள் பாய்ந்தன. அதுவும் பயம்தான், வேறு உருவத்தில். ஆண்களிலும் சில ஓடும், பெண்களிலும் பல உறையும், ஆனாலும் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை பெண்கள் என்றார். மகளுக்கு அப்போது கண்ணில் பட்டது எலி இல்லை. பாதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா.

அதைச் சொல்லத்தான் லீவு போட்டுவிட்டு நேற்று வந்தாள். உன்னிடம் ஒன்று பேச வேண்டும், உட்காரேன் அம்மா என்று பின்னாலேயே அலைந்தாள். அம்மா பாத்திரத்தைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி துடைத்தாள்.

"எங்க போயிடப் போறேன்? நாளைக்குப் பேசலாம், படு."

முடிச்சு ஒருவழியாக நெகிழ்ந்தது. மற்றதையும் அவிழ்த்து இரண்டு ஷூக்களையும் உருவினாள். இரண்டு உள்ளங்கால்களிலும் தோல் சுருங்கி, மெழுகு உருகி உறைந்ததுபோல் பழைய தீத்தழும்பு. எட்டிப் பார்த்த சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்ககிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே. எதுக்கும் பயப்படாதவன்னுல்ல நினைச்சோம்."

"அவளா?"

கேட்டது அப்பா. காலையிலிருந்து மூலை நாற்காலியில் வாய் திறக்காமல் இருந்தவர், யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு நான் படியிலயே நின்னுட்டேன். கால் வரல. இவ உன்னைத் தூக்கிட்டு வெறுங்காலோட கீழ ஓடினா. உன்னை வெளிய விட்டுட்டு, எனக்காகத் திரும்பி வந்தா. படியெல்லாம் கொதிச்சுது."

சித்தி கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அதுக்கப்புறம் ஷூ இல்லாம ஒரு நாளும் படுத்ததில்ல. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு கதவைத் தொட்டுப் பாப்பா. நான் முழிச்சுத்தான் கிடப்பேன். அவளும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல."

மகள் அந்தப் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழுகை வந்தபாடில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. வெறுங்காலாகவே இருக்கட்டும் என்று சித்தி சொன்னாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். நாலு எட்டு வைத்து வந்து, கழற்றிப் போட்டிருந்த ஷூக்களை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

"போட்டு விடு."

மகள் ஒவ்வொன்றாக மாட்டினாள். ஷூவின் சுருண்டிருந்த நாக்குத் துணியை நேராக்கிவிட்டாள். கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். அம்மா கற்றுக்கொடுத்த பழக்கத்தில் இரண்டாவதற்காகக் கை போனது. நிறுத்திக்கொண்டு, போட்டதையும் விரலால் கொஞ்சம் தளர்த்தினாள்.