இரும்பு இல்லாத படிகம்

மூன்றே வருஷத்தில் ஆராய்ச்சிப் பட்டத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள், ஆறாவது வருஷத்திலும் அதே அறையில் மாட்டிக்கொண்டு கிடந்தாள். அன்று தவழ்ந்துகொண்டிருந்த மகள், இப்போது அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கறுப்புத் திரைக்குள் ஆடாத மேசை, அதன்மேல் நகத்தளவு லித்தியம் நியோபேட் படிகம். பச்சை லேசர் அதன்மேல் மின்னல்போல ஒரு வெட்டு வெட்டி அணையும். வெளிச்சம் கிளப்பிவிட்ட எலெக்ட்ரான் கொஞ்ச தூரம் ஓடி ஓரிடத்தில் உட்காரும். சுற்றியுள்ள அணுக்கள் நகர்ந்துகொடுத்து அதற்கு ஒரு பள்ளம் உண்டாக்கிவிடும். அப்புறம் அது லேசில் எழுந்திருக்காது. பள்ளத்தோடு சேர்ந்த அந்த எலெக்ட்ரானைத்தான் சிறு போலரான் என்பார்கள். இப்படிச் சிக்கிக்கொண்டவை தம் வழியாகப் போகும் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கும். எவ்வளவு நேரம் விழுங்குகின்றன என்று அளப்பது அவள் வேலை.

படிகம் நீல ஒளியை நெடுநேரம் விழுங்குவதற்கு அதில் கலந்த இரும்புதான் காரணம் என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு காலத்தில் எழுதிப் பேர் வாங்கியவர். அவளோ இரும்பு இல்லாத படிகத்தை வரவழைத்து அளந்தாள். அதுவும் அவ்வளவு நேரமே விழுங்கியது.

"அழுக்கா இருக்கும். துடைச்சிட்டு இன்னொரு தடவை பாரும்மா" என்றார். எட்டு மாசம் துடைத்துத் துடைத்து அளந்தாள்.

ஒரு மத்தியானம் அவரையே அறைக்குள் கூட்டிவந்தாள். "சார், இன்னைக்கு நீங்களே பட்டனை அழுத்துங்க."

அழுத்தினார். திரையில் அதே கோடு. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமாவே எனக்குச் சந்தேகம்தான்."

"அப்புறம் ஏன் சார் என்னைத் துடைக்க விட்டீங்க?"

"இந்த ரூம், லேசர், உன்னோட உதவித்தொகை எல்லாமே அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருக்கு. நான் ரிடையர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம். அதுவரைக்கும் பொறு. இல்லேன்னா தீசிஸ்லேர்ந்து அந்த அத்தியாயத்தை எடுத்துடு, நாளைக்கே கையெழுத்துப் போடறேன்."

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கணவனுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"எடுத்துட்டு வந்துடேன். யாரு அதைப் படிக்கப்போறாங்க?" என்றான்.

"நான் படிச்சிட்டேனேங்க."

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, நீ எத்தனாவது படிக்கிற?"

"ஆறாவது வருஷம்டி."

"அய்யோ, இன்னும் நிறைய இருக்கே" என்றது குழந்தை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு வாரம் உட்கார்ந்து, அந்த அத்தியாயத்தை ஒரு எண் விடாமல் எழுதி அவர் மேசையில் வைத்தாள். அவர் வராந்தாவில் எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். திருப்பி அனுப்பிவிட்டாலாவது ஒரு முடிவு தெரிந்திருக்கும். போகவும் வழியில்லை, இருக்கவும் பிடிக்கவில்லை. வழக்கம்போலத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அளந்தாள்.

நாலாவது வாரம் தாள்கள் திரும்பி வந்தன. சிவப்பு மையில் எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருந்தார். 'இரும்பே காரணம் என்ற முந்தைய முடிவு பொருந்தவில்லை' என்று அவள் எழுதிய இடத்தில், 'முந்தைய' என்பதை அடித்துவிட்டு 'எனது வழிகாட்டியின்' என்று போட்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கையெழுத்து இல்லை.

திருத்தங்களைச் சேர்த்து, அன்றைக்கே மறுபடியும் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.