பனங்கட்டிக் குட்டான்

…கடிக்கட்டும், நன்றாகக் கடிக்கட்டும், இன்னொரு துண்டு கேட்டாலும் கொடுப்பாள் சிவரூபி, ஓலைக் குட்டானைப் பிரித்துப் பனங்கட்டியைப் பெரிய துண்டாகவே உடைத்துக் கொடுப்பாள், புருஷன் குகதாசன் கேட்டு இல்லையென்று சொல்லலாமா… நீரிழிவு கிளினிக்கில் தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாகப் போட எழுதித் தந்த இனிப்புக் குளிசை அலுமாரிக்குள் திறக்காமலே கிடக்கிறது, அதைப் போட்டால் கான்சர் வருமாம், போனில் எவனோ சொன்னானாம், பனங்கட்டிதான் சீனி வருத்தத்துக்கு மருந்தாம். குகதாசன் சொன்னால் சொன்னதுதானே. டொக்டர் அம்மா இவளிடம் தெளிவாகத்தான் சொன்னா, குளிசை அளவோட போட்டால் பயப்பிடத் தேவையில்லை, பனங்கட்டியும் சீனிதான், அவருக்குச் சொல்லுங்கோ என்று. அவன் அப்போது பக்கத்து அறையில் கால்விரல் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தான். ஓம் சொல்லுறன் என்று தலையாட்டிவிட்டு வந்தவள்தான், மாரி போய் வெயிலும் வந்துவிட்டது, வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவேண்டும்? பூநகரியில் அப்பா கால் அழுகிக் கிடந்தபோது, ஒருக்காப் பாத்திட்டு ஓடி வாறனே என்று இவள் கெஞ்ச, அரிவி வெட்டு நேரம் வயல்காரருக்கு ஆர் சமைக்கிறது, சீனி வருத்தத்தில ஆரும் சாகிறதே என்று இவன் சிரித்தானே… பிறகு இந்த உடையார்கட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் இறங்கியபோது சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் இது. தேத்தண்ணிக்குத் தேத்தண்ணி ஒரு துண்டு. மனம் குளிர்கிறது, ஓம், குளிரத்தான் செய்கிறது, அதற்காக வெட்கப்படவில்லை அவள்.

இன்றைக்கு என்ன, கடிக்காமல் இருக்கிறான்? காலைக் கதிரையில் தூக்கி வைத்து விரலையே பார்க்கிறான், கட்டுக்கு வெளியே கறுப்பு ஏறியிருக்கிறது. இஞ்ச, சிவரூபி, இந்த வருத்தத்தில ஆரும் சாகிறதே? அதே கேள்வி, சிரிப்பு மட்டும் இல்லை. இதற்காகத்தானே இத்தனை காலம் காத்திருந்தாள், ஓம், என்ர அப்பா செத்தவர் என்று முகத்தில் அறைந்தமாதிரிச் சொல்ல… அப்பாவும் இப்படித்தான், கதிரையில் காலைத் தூக்கி வைத்தபடி, கையில் தேத்தண்ணி, மற்றக் கையில்… மற்றக் கையில் என்ன? பூநகரிக்குப் போகிறவர்களிடமெல்லாம் குட்டான் கொடுத்து விட்டது யார்? சீனி வேண்டாம் அப்பா, இதைக் கடிச்சுக் குடியுங்கோ, இது ஒண்டும் செய்யாது என்று சொன்னது யார்? சீ, அவளுக்கு அப்போது யார் சொன்னார்கள், ஒருவரும் சொல்லவில்லையே… இவனுக்கும்தான் ஒருவரும் சொல்லவில்லை.

ஏனப்பா எடுக்கிறாய், தாவன் என்கிறான் குகதாசன், கையை நீட்டியபடி. அப்போதுதான் பார்த்தாள், அவன் முன்னாலிருந்த குட்டான் அவள் மடியில் இருந்தது.