கூட்டுக்குத் திரும்பாத குட்டிகள்

நசீம் பானு தாய் எலியை வேறு கூண்டில் விட்டுவிட்டு, அதன் எட்டுக் குட்டிகளையும் வைக்கோல் கூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். பிறந்து பத்து நாளான, கண் திறக்காத குட்டிகள். மருந்து கொடுக்காத தாயின் குட்டிகளாக இருந்தால், மூக்கை ஆட்டி வாசனை பிடித்துத் தத்தித் தத்திப் போய்க் கூட்டுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இவற்றில் இரண்டு மட்டுமே போய்ச் சேர்ந்தன. மற்றவை வைத்த இடத்திலேயே சுற்றின. பக்கத்துக் குட்டியின் மேல் இடித்தும் ஒட்டாமல் விலகின.

அது 1963ஆம் வருஷம். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர் செபஸ்தியானிடம், ஆய்வகத்தில் செய்து காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டராகப் பானு இருந்தாள். படபடப்பைத் தணிக்க டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு மாத்திரையைச் சினை எலிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார் அவர். பிறக்கும் குட்டிகள் தாயை எப்படித் தேடுகின்றன, தங்களுக்குள் எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

அன்று சாயங்காலம் அதே மாத்திரைப் புட்டியைத் தன் வீட்டிலேயே பார்த்தாள். அண்ணன் மனைவி சைதூனின் தலைமாட்டில் இருந்தது.

"எப்ப இருந்து மதினி இதப் போடுறீக?"

"ரெண்டு மாசமா. இதப் போட்டாத்தான் கண்ணு மூடுது பானு."

சைதூனுக்கு ஐந்தாம் மாதம். முந்தைய இரண்டும் ஆறாம் மாதத்தில் கலைந்துபோனவை. அந்தப் பயத்தில் தூக்கம் போய், டாக்டர் கொடுத்த மாத்திரை.

மதினியை மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா என்று மறுநாள் பேராசிரியரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மருந்துல தாய் மந்தமாகி, நக்கி வளர்க்காமப் போனதாலயும் குட்டிக இப்படி இருக்கலாம்மா. பொறந்ததுமே குட்டிகள மருந்து குடிக்காத தாய்கிட்ட மாத்தி வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். எலிய வச்சு ஒரு மனுசிக்கு எப்படிச் சொல்றது? நிறுத்தி ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அண்ணன் பக்ருதீன் தோல் மண்டியிலிருந்து வந்ததும் அவரிடமும் சொன்னாள்.

"நீ எலிக்குப் படிச்சவ. டாக்டரு மனுசனுக்குப் படிச்சவரு. பேசாமப் போ" என்றார் அவர்.

இரண்டு நாள் பானு யோசித்தாள். மதினியிடம் சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. வெள்ளிக்கிழமை அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் போன நேரத்தில் சைதூனை ஜட்கா வண்டியில் ஏற்றிக் கல்லூரிக்கு அழைத்துப் போனாள். மருந்து கொடுத்த தாயின் குட்டிகள் இருந்த கூண்டையும், கொடுக்காத தாயின் குட்டிகள் இருந்த கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

சைதூன் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அதுகளுக்கு வலிக்குதா?"

"இல்ல மதினி. பால் குடிக்குதுக, வளருதுக. ஆனா தாயத் தேட மாட்டேங்குதுக."

"எம்புள்ளையும் இப்படி ஆகுமா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"தெரியாமத்தான் என்னய இங்க கூட்டிட்டு வந்தியா?"

சைதூன் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வண்டியில் ஏறிய பிறகு அவளே சொன்னாள்: "மிஷன் ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு. பொம்பள டாக்டருகிட்டக் கேப்போம்."

சட்டென்று நிறுத்தக்கூடாது என்றார் அந்த டாக்டரம்மா. மூன்று வாரத்தில் பாதி, கால் என்று குறைத்து நிறுத்திவிடச் சொன்னார். சைதூன் அப்படியே செய்தாள். தூக்கம் போயிற்று. கன்னம் ஒட்டி, ஒரு டம்ளர் விழுந்தாலும் அலறினாள். பக்ருதீனுக்கு விஷயம் தெரிந்தபோது மாத்திரை முழுக்க நின்றிருந்தது.

ஆறாம் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்ருதீன் பானுவைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இதுவும் போச்சுன்னா ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

இரண்டு நாளில் வலி அடங்கியது. அண்ணனின் பேச்சு மட்டும் திரும்பவில்லை.

அந்த வாரம்தான் தாய் மாற்றிய குட்டிகளைச் சோதித்தார்கள். மருந்தே அறியாத தாயிடம் வளர்ந்தும் அவை கூட்டைத் தேடவில்லை. வயிற்றிலிருந்தபோதே நேர்ந்த பாதிப்பு அது. பேராசிரியர் பரபரப்பாக எழுதிக்கொண்டிருந்தார். பானு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். சைதூன் மாத்திரை போட்ட அந்த மாதங்களை இனி யாரும் திருப்ப முடியாது.

நிறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது, பால் குடித்தது. பானு சும்மா இருக்கவில்லை. தொட்டிலருகே கைதட்டினாள், முகத்தை மறைத்துக் காட்டினாள், யார் குரலுக்குத் திரும்புகிறது என்று கவனித்தாள். ஆறு வாரத்தில் சிரிக்க வேண்டும். ஏழாகியும் சிரிக்கவில்லை. ஒருநாள் சைதூன் தொட்டிலைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எம்புள்ள ஒன் எலி இல்ல பானு."

அதற்குப் பிறகு பானு அந்த அறைப்பக்கமே போகவில்லை.

ஒன்பதாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்படியில் இருந்தவளுக்கு அண்ணனின் குரல் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து மாதத்துக்குப் பின் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பானு! ஏ பானு! ஓடியா இங்க!"

ஈரக் கையோடு ஓடினாள். பக்ருதீனின் மடியில் கிடந்த குழந்தை அவர் தாடியைப் பார்த்துப் பொக்கை வாய் திறந்து சிரித்தது. அவர் தலையை ஆட்ட, மறுபடியும் சிரித்தது.

மாத்திரையை நிறுத்தியதால் சிரித்ததா, நிறுத்தாவிட்டாலும் சிரித்திருக்குமா? ஒரே ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது என்று பானுவுக்குத் தெரியும். யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. சைதூன் பாயில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.