முத்து நிறம்

என் முகத்தை வைத்தே என்னை ஏமாற்றினாள் ஸஹ்ரா. அதைச் சொல்லத்தான் போகிறேன். நான் செய்ததையும் மறைக்கப் போவதில்லை.

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு பாமஸி. முன்பக்கம் மருந்து, பின்பக்கம் சோப்பு, பவுடர், லிப்ஸ்டிக். பின்பக்கத்துக் கவுண்டரில் நாங்கள் இருவர். ஸஹ்ரா டவுன்காரி. நான் எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். ஐந்து வருடமாக ஒரே கவுண்டர். பெருநாளுக்கு அவள் வீட்டு வட்டிலாப்பம் எனக்கு வரும், நத்தாருக்கு எங்கள் வீட்டு கேக் அவளுக்குப் போகும். கூடப் பிறந்திருந்தால்கூட இவ்வளவு ஒட்டியிருக்க மாட்டோம் என்று நான்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். என் வாயைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி ஜும்ஆவுக்குப் போகும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போவார். அந்த ஒரு மணி நேரம் எங்களுடையது. கொழும்பிலிருந்து வரும் பெட்டிகளில் எப்படியும் ஒன்றிரண்டு டப்பி உடைந்து, உள்ளே பொடியாகி வரும். விற்க முடியாது. "நீங்களே பாவிச்சிக்கங்க" என்று முதலாளி விட்டுவிட்டார். அப்படித்தான் ஒரு மாசியில் ஆறு ஹைலைட்டர் எங்கள் கையில் சேர்ந்தது. கன்னத்து எலும்பின் மேலும் மூக்குத் தண்டிலும் இழுத்துவிடுகிற மினுக்குப் பொடி. விலை உயர்ந்த கம்பனிச் சாமான் இல்லை, தோட்டத்துப் பிள்ளையும் சம்பள நாளில் யோசிக்காமல் வாங்கக்கூடிய சின்ன டப்பிகள். முத்து, ஷாம்பெயின், ரோஸ், பீச், பிரொன்ஸ், செம்பு.

ஸஹ்ரா நல்ல வெளுப்பு. எதைப் பூசினாலும் அவள் முகம் ஏற்றுக்கொண்டது, அதனால் அவளில் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. நான் நல்ல கறுப்பு. அதில் எனக்கு வெட்கமே இல்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தவள். ஆகவே என் முகத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ட்யூப் லைட்டின் கீழ் முத்து நிறம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து சந்து வெயிலில் நின்றேன். அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தடவியதுபோல் இருந்தது. ஷாம்பெயினும் அதற்குத் தங்கச்சிதான். ரோஸ், கொசு கடித்துத் தடித்த இடம் மாதிரி. பீச் போட்டதே தெரியவில்லை. செம்பு பரவாயில்லை.

பிரொன்ஸைப் போட்டுக்கொண்டு வெயிலுக்கு வந்தபோது ஸஹ்ரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அல்லாவே! ஒன்ட மொகத்துக்குள்ள லைட் பத்த வெச்ச மாதிரி ஈக்கிடி!"

அன்றைக்கு நான் எனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். எந்தப் பூச்சையும் வெயிலில் பார்க்காமல் ஒரு பெண்ணை வாசல் தாண்ட விடக்கூடாது. ஸஹ்ராவையும் கையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன்.

ஸஹ்ரா ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் செய்வாள். போனில் அதற்கு ஒரு பக்கமும் வைத்திருந்தாள். ஆனால் அதில் அவள் முகம் வரக்கூடாது என்பது அவளுடைய வாப்பாவின் கட்டளை. அவள் அலங்கரிக்கும் பெண்களின் வீட்டாரும் அப்படித்தான். மருதாணிக் கை, பின்னால் இருந்து எடுத்த கொண்டை, இவைதான் பக்கம் முழுக்க. மேக்கப் செய்கிறவளின் பக்கத்தில் ஒரு முகம்கூட இல்லை.

"ஒன்ட மொகத்தத் தாடி" என்றாள். "ஜெனிட்டாட கல்யாணம் வருது தானே? அவதான் ஒன்ட மொத பொண்ணு. நான் ஒனக்கு பிரஷ் புடிச்சிக்கிட்டு நிப்பன்."

ஜெனிட்டா என் சின்னம்மா மரியாயியின் மகள். பக்கத்து லயத்து வரிசையில் வீடு. என் நிறம்தான், இன்னும் ஒரு பிடி கூட. ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அவளை நான் அலங்கரித்துவிட்டால், அதன் பிறகு சுற்றியுள்ள நாலு தோட்டத்துக்கும் நான்தான். யாருடைய கவுண்டருக்குப் பின்னாலும் நிற்க வேண்டியதில்லை. இரவும் பகலும் இதே நினைப்பு. முகத்தைக் கொடுத்தேன். ஆறு நிறத்துக்கு ஆறு படம் எடுத்தோம்.

அன்று மாலை பஸ்ஸில் பார்த்தேன். அவள் போட்டிருந்தது முத்து நிறப் படம். முகம் என்னுடையது. தோல் யாருடையதோ. போனிலேயே என்னவோ செய்து வெளுக்க வைத்திருந்தாள். சாம்பல் போன இடம் தெரியவில்லை. கன்னம் பால்போல மினுங்கியது. கீழே 'முத்து நிறம், எல்லா முகத்துக்கும்' என்று எழுதியிருந்தாள்.

அந்த இடத்திலேயே போனில் கோல் எடுத்து நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உக்குவெல தாண்டியும் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்கடுவயில் இறங்குவதற்கு முன் அதையே என் வாட்ஸ்அப் படமாகப் போட்டுக்கொண்டேன். அவ்வளவு பிடித்திருந்தது.

ஒரு கிழமை கழித்து ஜெனிட்டா வந்தாள்.

"அக்கா, எனக்கும் அந்த முத்துதான் வேணும்."

"அது நமக்கு ஒத்து வராதுடி. வா, காட்டுறேன்." அவளை முன்வாசல் இஸ்தோப்புக்கு இழுத்துக்கொண்டு போய், வெயிலில் நிற்க வைத்து, ஒரு கன்னத்தில் பிரொன்ஸைப் போட்டேன். என் கண்ணுக்கு ராணி மாதிரி இருந்தாள். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், சட்டைக் கையால் துடைத்தாள்.

"இது கறுப்பாத்தானே காட்டுது."

"அந்தப் படம் பொய்டி. ஸஹ்ரா போன்ல வெளுக்க வச்சது."

"அப்ப நீங்க ஏன் அத ப்ரொஃபைல்ல போட்டிருக்கீங்க?"

நான் டப்பியை மூடினேன்.

"நீங்க மட்டும் வெள்ளையா வரணும், நான் வரக்கூடாது, அதானே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

கோயிலில் இரண்டாம் தடவை அவளுடைய கல்யாண ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து படியில் இறங்கும்போது சின்னம்மா என் கையைப் பிடித்தார். "கோவிச்சுக்காத பிரசாந்தி. ஜெனிட்டா அந்த டவுன் புள்ளயவே வரச் சொல்லிட்டா. நீயும் கூட வந்து நில்லும்மா." டவுன் பிள்ளையாம். ஐந்து வருடத்தில் ஒரு தடவையாவது என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத டவுன் பிள்ளை.

திங்கட்கிழமை கவுண்டரிலேயே பிடித்தேன்.

"என் பொண்ண எடுத்துக்கிட்டியாடி?"

"நான் கேக்கவே இல்ல, பிரசா. அவதான் கோல் எடுத்த. நான் ஒன்ட பேரத்தான் சொன்ன. அவக்கு நீ வேணாமாம்." முகத்தைத் திருப்பாமல்தான் சொன்னாள்.

"என் படத்த ஏன் வெளுக்க வச்ச?"

"கறுப்பா போட்டா ஆரும் கோல் எடுக்குறாங்க இல்லடி." பிறகு தன் போனில் என் நம்பரைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். அங்கேயும் அந்தப் பால் முகம்தான் சிரித்துக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் இன்னும் மாற்றவில்லை.

கல்யாணத்தன்று பிரொன்ஸ் டப்பியை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டுதான் போனேன். கடைசி நேரத்திலாவது ஜெனிட்டாவை வாசலுக்குக் கூட்டி வந்து காட்டிச் சரி செய்துவிட வேண்டும் என்று மனதுக்குள் எண்ணியிருந்தேன். அவள் என் பிள்ளை. நான் இடுப்பில் தூக்கித் திரிந்தவள்.

லயத்து அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் சேலையால் மறைத்திருந்தார்கள். ஸஹ்ரா கொண்டு வந்த வட்ட லைட் ஒன்று ஜெனிட்டாவின் முகத்துக்கு நேரே எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கன்னத்து முத்து அழகாகத்தான் இருந்தது. அதன் குணமே அதுதான். ஸஹ்ரா முந்தானைக்கு ஊசி தேட வெளியே போனாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

ஜெனிட்டா என் விரல்களைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"அக்கா, அன்னைக்குக் கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்றேன். உண்மையாகவே அந்த நிமிடம் ஒன்றுமில்லைதான். என் மற்றக் கை ஹேண்ட்பேக்குக்குள் போய்விட்டது. டப்பியைத் தொட்டேன்.

"மொதல்ல உங்கள வச்சுத்தான் செய்ய இருந்தேன். ஸஹ்ராக்காதான் சொன்னாங்க, பிரசாவுக்கு இன்னும் கை படியல, கல்யாண நாளும் அதுவுமா மொகத்தக் கெடுத்துப்புடுவான்னு. எனக்குப் பயமாப் போச்சுக்கா."

என் பெயரைச் சொன்னதாக அன்றைக்கு ஸஹ்ரா சொன்னாளே. சொல்லித்தான் இருக்கிறாள். உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. ஐந்து வருட வட்டிலாப்பமும் எரிந்தது. சந்து வெயிலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளும், என் கையில் அடித்துச் சத்தியம் செய்தவளும் இவள்தானா என்று இருந்தது.

"இன்னைக்கு நீங்க சொல்றததான் கேப்பேன். மத்தவங்க எல்லாம் சும்மா நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கிறாங்க. நீங்க உண்மையச் சொல்லுங்கக்கா. எப்படி இருக்கு?"

வாசல் பத்து அடி தூரம்தான். வா, வெயிலில் பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துடைத்துவிட்டு பிரொன்ஸ் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் என் கண்ணுக்கு அந்த நேரம் ஜெனிட்டா தெரியவில்லை, ஸஹ்ராதான் தெரிந்தாள். இப்படியே போகட்டும். வெயிலில் எல்லோரும் பார்க்கட்டும். இந்த நாலு தோட்டத்திலும் அவள் பேர் நாறட்டும்.

"நல்லா இருக்குடி" என்றேன்.

ஜெனிட்டா கண் கலங்கச் சிரித்தாள். என் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

காலை பத்து மணி வெயில் மலைக்கு மேலே ஏறி இஸ்தோப்பில் நேராக விழுந்தது. ஜெனிட்டா வாசல் தாண்டினாள். கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு கன்னத்திலும் மூக்கிலும் சாம்பல். ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஸஹ்ரா கையில் ஊசியோடு நின்றபடி பெண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் சட்டம் தெரியும். நான் வேண்டுமென்றே செய்தேன் என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சின்னம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கிட்ட வந்தார். "என்னாடி இது, மொகம் ஒரு மாதிரியா... யாராச்சும் பாத்தீங்களா இல்லையா?"

ஜெனிட்டா தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தை அவள் பார்க்க முடியாது தானே. படி இறங்கப் பிடித்துக்கொள்ள என் பக்கம் கையை நீட்டினாள்.

"சும்மா இருங்கம்மா. பிரசாந்தி அக்காவே பாத்துச் சொல்லிட்டாங்க, நல்லா இருக்குன்னு."